பரீட்சைக்கு வைத்த வாய்

ஏப்ரல் 9

ஃபெயில். எழுத்துத் தேர்வு எல்லாவற்றிலும் பாஸ், செய்முறையில் மட்டும் ஃபெயில். பல் சுகாதார டிப்ளமோ படித்த பதினெட்டுப் பேரில் ஊற்றிக்கொண்டது நான் ஒருத்திதான். வயதிலும் நான்தான் மூத்தவள், முப்பத்தாறு. கூடப் படித்த பிள்ளைகள் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஃபோனில் ஆறுதல் சொன்னபோதும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

செய்முறைத் தேர்வுக்கு நோயாளியை நாமே கூட்டிக்கொண்டு போக வேண்டும். பல்லில் நன்றாகக் காரை கட்டிய ஆளாக இருக்க வேண்டும். அதற்கு முன்னால் எந்த டாக்டரும் அந்த வாயில் கை வைத்திருக்கக் கூடாது. தேர்வாளர் கண் முன்னால் ஒரு பக்கத்துக் காரையை நாம் சுரண்டி எடுத்துக் காட்ட வேண்டும். காலேஜில் அந்த ஆளைக் 'கேஸ்' என்போம். ஒரு மாதம் அலைந்து பஸ் ஸ்டாண்டில் ஒரு பூக்காரரைப் பிடித்து வைத்திருந்தேன். காலையில் இட்லி வாங்கிக் கொடுத்துத்தான் கூட்டிப் போனேன். என் பெயரைக் கூப்பிடும்போது நாற்காலி காலி. கை கழுவப் போன மனுசன் பஸ் ஏறிவிட்டார். காலி நாற்காலிக்குப் பக்கத்தில் கையுறையோடு ஒரு மணி நேரம் நின்றேன்.

அடுத்த தேர்வு அக்டோபரில்.

இது லாரி ஓட்டும் என் வீட்டுக்காரருக்கு டயர் கடைக்காரர் கொடுத்த டைரி. பக்கத்துக்குப் பக்கம் 'புறப்பாடு', 'சேருமிடம்' என்று அச்சடித்திருக்கிறது. அவர் இதில் ஒரு எழுத்துகூட எழுதியதில்லை. இன்று எனக்கு யாரிடமாவது புலம்ப வேண்டும் போலிருந்தது. எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 12

அவர் நாக்பூர் நடை முடிந்து வந்தார். லாரியை விட்டு இறங்கித் தெருமுனை திரும்பும்போது ஒரு விசில் அடிப்பார். அது காதில் விழுந்ததும் நான் உலை வைப்பேன். பதினாலு வருசப் பழக்கம்.

ஃபெயிலானதைச் சொன்னேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. பல் கிளினிக்கில் எட்டு வருசம் டோக்கன் எழுதிக்கொண்டிருந்த நான், படிக்கலாமா என்று ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "நீயே படி அம்மிணி. நமக்கொரு புள்ள இருந்து படிக்க வெச்சமாதிரி ஆச்சு" என்றார். அன்றிலிருந்து வழியெல்லாம் டீக்கடைக்காரர்களிடம் எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை காலேஜுக்குப் போகிறது என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். அந்தப் பிள்ளைதான் ஃபெயில்.

பூக்காரர் பஸ் ஏறிய கதையைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். அப்போதுதான் பார்த்தேன். கீழ் முன்பற்களுக்குப் பின்னால் காரை, தேங்காய் ஓட்டு நிறத்தில், ஈறு தெரியாமல் கட்டியிருந்தது. இருபது வருசமாக வடக்கே போகும்போதெல்லாம் தூக்கம் வராமலிருக்கப் பாக்குப் பொட்டலம் மெல்கிற வாய். பல் டாக்டரைப் பார்த்ததே இல்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

"என்ற வாயை வெச்சா பரீட்சை எழுதப் போற?" என்றார்.

அக்டோபர் வரைக்கும் எந்தப் பல் டாக்டரிடமும் வாயைக் காட்டக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். பரீட்சை முடிந்த கையோடு வாய் முழுவதையும் நானே பளிச்சென்று சுத்தம் பண்ணித் தருவதாக நானும் சத்தியம் செய்தேன். வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்க்க அவரவர் விரலைத்தான் அளவாக வைப்போம். அவர் மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்திப் பல்லுக்கு நடுவே நுழைத்துக் காட்டினார். மூன்று விரல் போனால் நல்ல வாய்.

ஏப்ரல் 13

கேஸ் கிடைத்த சந்தோசத்தில் நன்றாகத் தூங்கினேன்.

மே 4

காலேஜுக்குப் போய் எழிலரசி மேடத்தைப் பார்த்தேன். பழகுவதற்கு வாரம் இரண்டு நாள் வரச் சொல்லியிருக்கிறார். அக்டோபரில் பரீட்சை எழுதப் போகிற அடுத்த பேட்ச் ஜூனியர் பிள்ளைகளோடுதான் நிற்க வேண்டும். அதில் ரிஸ்வானா என்று ஒரு பெண், கெட்டிக்காரி. கருவி எங்கே இருக்கிறது, துண்டை எப்படி விரிப்பது என்று எனக்கே சொல்லிக் கொடுக்கிறாள். கேஸ் கிடைத்ததா என்று மேடம் கேட்டார். பெயரைச் சொல்லி என் கணவர் என்றேன். மேடம் சிரித்தார். "அப்ப ஓடமாட்டார்" என்றார்.

மே 27

காலையிலிருந்து சின்ன வெங்காயம் உரித்து வதக்கி, வரமிளகாய் இருபது கிள்ளிப் போட்டுப் பள்ளிபாளையம் கோழிக்கறி செய்தேன். இந்தக் கறிக்காகவே ஈரோடு சுங்கச் சாவடி தாண்டியதும் ஃபோன் பண்ணுகிறவர், இரண்டு துண்டோடு தட்டைத் தள்ளிவிட்டுத் தயிரை ஊற்றிக்கொண்டார். வாயெல்லாம் காந்துகிறதாம். வழியில் ஓட்டலில் சாப்பிட்டு நாக்குக் கெட்டுப்போச்சு என்றேன். அவர் தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். கோபத்தில் அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. மீதிக் கறி பக்கத்து வீட்டுக்குப் போனது.

ஜூன் 19

விசில் சத்தமே கேட்கவில்லை. அவர் கதவைத் தட்டிய பிறகுதான் வந்தது தெரிந்தது. உலையும் வைத்திருக்கவில்லை. விசில் என்ன ஆச்சு என்றேன். உதட்டைக் குவித்தார், காற்றுதான் வந்தது. "வயசாச்சு புள்ள" என்றார். நாற்பத்து நாலு ஒரு வயசா.

விரல்: இரண்டரை. தொடர்ந்து நாலு நாள் ஓட்டிய அசதி.

ஜூலை 13

லாரிப் பேட்டையில் காலேஜின் இலவசப் பல் முகாம். என்னையும் எழுத வரச் சொன்னார்கள். முகாம் வண்டிக்குள்ளேயே நாற்காலி, மெஷின் எல்லாம் இருக்கிறது. பார்த்த கையோடு காரையும் எடுத்துவிடுவார்கள். அவர் வீட்டில்தான் இருந்தார். டிரைவர் சங்கத்து ஆட்கள் வந்து கூப்பிட்டார்களாம், அவரும் சட்டையை மாட்டிவிட்டார். நான்தான் நிறுத்தினேன். அங்கே போய் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் என் கேஸ் போச்சு என்றேன். சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

நூற்றுப் பன்னிரண்டு பேரைப் பார்த்தோம். டாக்டர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மூன்று டிரைவர்களுக்குக் கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு. பாக்கு மென்றதால் வருவது. சதை இறுகி வாய் சின்னதாகிக்கொண்டே போகும், காரம் ஆகாது, விசில்கூட வராது என்று டாக்டர் ஜூனியர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போதே வந்ததால் பிழைத்தீர்கள் என்று அந்த மூன்று பேரிடமும் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு கொடுத்தார். அதையும் நான்தான் எழுதினேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று மேடம் பாராட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை.

ஜூலை 14

தண்ணீர் வரவில்லை. இரண்டு குடம் வாங்கி ஒப்பேற்றினேன். அவர் கான்பூர் லோடு ஏற்றப் போய்விட்டார். விரல் பார்க்க நேரமில்லை.

ஆகஸ்ட் 6

கேஸ் அட்டை நிரப்ப வேண்டும். சாயங்கால வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார வைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு பல்லாக எண்ணிக் காரைக்குக் குறி போட்டேன். என் கைக்கு அருமையான வாய். அட்டையின் கீழே, பல்லைத் தவிர மற்றதைப் பற்றி எழுத ஒரு கட்டம் உண்டு. நாக்கு, அண்ணம், உட்கன்னம். வெள்ளைத் திட்டு என்று எழுதினால் அட்டை அன்றைக்கே வேறு பிரிவுக்குப் போய்விடும். கேஸ் நம்முடையதாக இருக்காது.

இடது பக்கக் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து கூராக இருக்கிறது. கன்னத்தில் பட்டுப் பட்டு அந்த இடம் வெளுத்திருக்கிறது. எட்டு வருசம் கிளினிக்கில் இருந்தவளுக்கு இது தெரியாதா. கன்னக் கடி என்று எழுதினேன்.

"எல்லாம் சரியா இருக்குதா?" என்றார். அவர் வாய்க்குள் என் விரல் இருந்தபோதே கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன்.

விரல்: இரண்டு.

ஆகஸ்ட் 7

கன்னக் கடிதான்.

ஆகஸ்ட் 30

புண் ஒன்று ஆறாமலே இருக்கிறதாம். வழியில் ஏதோ ஊரில் மருந்துக் கடைக்காரர் களிம்பு கொடுத்தாராம். ஒரு தடவை ஆஸ்பத்திரியில் காட்டிவிடலாமா என்று கேட்டார். அவர் எதையும் இப்படிக் கேட்கிற ஆளில்லை. காய்ச்சலோடு டெல்லி போய் வந்த ஆள்.

பல் ஆஸ்பத்திரி என்றால் முதலில் சுத்தம்தான் பண்ணுவார்கள், அக்டோபருக்கு இன்னும் ஏழு வாரம்தான், இந்த ஒரு தடவை எனக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். இன்னொரு தடவை ஃபெயிலானால் நான் கிளினிக்கில் டோக்கன் எழுதியே சாக வேண்டியதுதான் என்றும் சொன்னேன். அது கொஞ்சம் அதிகம். சொல்லிவிட்டேன்.

"போச்சாது உடு. நீ பாஸாவு முதல்ல" என்றார்.

சத்து மாத்திரை ஒரு அட்டை வாங்கிக் கொடுத்தேன்.

செப்டம்பர் 18

ரிஸ்வானா என் அட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். விரல் இரண்டு என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனாள்.

"அக்கா, எங்க மாமாவைத் தர்றேன். அவர் வாய் பூரா காரைதான். நீங்க அண்ணனை மாடியில வாய்நோய்ப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டிடுங்க" என்றாள்.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது கேஸை மாற்றச் சொல்கிறாளே, அவளுக்கும் இதே அக்டோபரில்தான் பரீட்சை, என்ன உள்நோக்கமோ என்று நினைத்தேன். பத்தொன்பது வயசுப் பெண்ணைப் பற்றி அப்படி நினைத்தேன். ஒரு மாமாவை நம்பி நான் ஏமாற முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் அவர் ஃபோனில், இடது காது வலிக்கிறது என்றார். லாரிக் காற்று என்றேன். பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அக்டோபர் 3

இந்த நடைக்குப் போகவில்லை. பரீட்சைக்கு ஊரில் இருக்க வேண்டுமே என்று லீவு சொல்லிவிட்டாராம். என் மேல் அவ்வளவு அக்கறை. ராகிக் கூழைத் தண்ணீராகக் கரைத்துக் கேட்டார். கரைத்துக் கொடுத்தேன். பேன்ட் இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டியிருக்கிறார்.

அக்டோபர் 11

கூழ்.

அக்டோபர் 20

கோட்டைத் தேய்த்து வைத்தேன். கருவிகளைத் தீட்டித் துடைத்துப் பெட்டியில் அடுக்கினேன். அவர் சவரக் கடைக்குப் போய்விட்டு வந்து, தலைவாரிப் பவுடர் போட்டுப் பார்த்தார், பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி. தேர்வாளர் ஏதாவது கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். கேட்டதற்கு உண்மையைச் சொன்னால் போதும் என்றேன்.

விரல் பார்க்கவில்லை. பார்த்து இனி என்ன.

அக்டோபர் 21

எழுதியே ஆக வேண்டும்.

என் பெயரை மூன்றாவதாகக் கூப்பிட்டார்கள். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் காலேஜ் தேர்வாளர் கீழுதட்டை மட்டும் விலக்கி முன்பற்களைப் பார்த்துவிட்டு, நல்ல கேஸ் பிடித்திருக்கிறாய் என்று சொல்லி, கேஸ் தேர்வுக்கு உண்டான பத்து மார்க்கையும் போட்டார். பிறகு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வந்தார். வயதான பெண் டாக்டர். வாயை நன்றாகத் திறங்க என்றார். என் வீட்டுக்காரர் திறந்தார். இன்னும் திறங்க என்றார். அதற்கு மேல் திறக்கவில்லை. கண்ணாடியைப் படுக்க வைத்து உள்ளே விட்டுக் கன்னத்தை ஒதுக்கினார். விளக்கைக் கிட்டத்தில் இழுத்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"இது என்னன்னு சொல்லும்மா" என்றார் என்னிடம்.

சொன்னேன். புத்தகத்தில் இருப்பதை வரி மாறாமல் சொன்னேன். பாக்கு, புகையிலையால் வரும் வெள்ளைத் திட்டு, வாய் திறப்புக் குறைவது, காரம் தாங்காதது, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் எதுவானாலும் புற்று என்று சந்தேகப்பட வேண்டும் என்பது, காது வரை வலி பரவுவது. சுகாதாரப் பணியாளர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். பல்லில் கை வைக்காமல் அன்றைக்கே அனுப்ப வேண்டும் என்றேன். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

டாக்டர் அம்மா தாளில் எதையோ எழுதிவிட்டு என் அட்டையைப் புரட்டினார். கன்னக் கடி என்ற இடத்தில் விரல் நின்றது. தேதியைப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்காமல் இவரைக் கேட்டார், எவ்வளவு நாளாக இருக்கிறது என்று.

"ஆடி மாசத்துலருந்தே இருக்குதுங்க" என்றார். இப்போதெல்லாம் அவர் பேசுவது தெளிவாக இருக்காது, அவரும் அதற்காக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "பரீட்சைக்குன்னு வெச்சிருந்தமுங்க."

உண்மையைச் சொல்லச் சொன்னது நான்தான். டாக்டர் அம்மா அட்டையை மூடிவிட்டு மாடியிலிருந்து ஆள் வரச் சொன்னார்.

இரண்டு பேர் வந்து அவரை மாடிக்குக் கூட்டிப் போனார்கள். சதையெடுத்துச் சோதிக்க வேண்டும். நானும் எழுந்தேன். எழிலரசி மேடம், புறநோயாளியில் ஒருவரைத் தருகிறோம், வேண்டுமானால் தேர்வை முடித்துவிட்டுப் போகலாம் என்றார். வேண்டுமானால் என்றுதான் சொன்னார். படியில் நின்றுகொண்டு என் வீட்டுக்காரர் எனக்குக் கையை அசைத்தார்.

"நீ முடிச்சுப்போட்டு வா" என்றார்.

நான் இருந்தேன். பெயர் தெரியாத ஒருவரின் கீழ்ப்பல் வரிசையை ஒரு மணி நேரம் உட்கார்ந்து சுத்தம் செய்தேன். மாடியில் அவர் தனியாக இருந்தார்.

அக்டோபர் 30

புற்றுதான். கழுத்துக்கும் இறங்கியிருக்கிறது. எப்போது முதலில் பார்த்தீர்கள் என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டார். பரீட்சை அன்று என்றேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், ஆமாங்க என்று தலையை ஆட்டினார்.

முகாமில் சீட்டு வாங்கிய மூன்று டிரைவர்களில் ஒருவரை மருந்து வாங்கும் வரிசையில் பார்த்தேன். திட்டு குறைந்துவிட்டதாம், பாக்கை விட்டுவிட்டாராம். நீங்கதானே சீட்டு எழுதினீங்க என்று சொல்லி என்னைக் கும்பிட்டார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

நவம்பர் 14

ஆபரேஷன். இடது தாடையை எடுத்துவிட்டார்கள். தொடைச் சதையை வைத்துக் கன்னத்தைத் தைத்திருக்கிறார்கள்.

நவம்பர் 22

மூக்கு வழியாகக் குழாய். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை நான்தான் வாயைத் துடைக்கிறேன். பஞ்சை நனைத்து, உதட்டோரம் விட்டு எடுக்கிறேன். நன்றாகச் செய்கிறீர்களே, இந்த வேலை பழக்கமா என்று நர்ஸ் கேட்டாள். படித்திருக்கிறேன் என்றேன்.

டிசம்பர் 9

பேச்சு வராததால் எழுதிக் காட்டத் தாள் கேட்டார். கையில் இந்த டைரிதான் இருந்தது. டைரியைக் கொடுக்கவில்லை. பின்னாலிருந்து பக்கங்களைக் கிழித்துக் கிழித்துக் கொடுக்கிறேன். 'தண்ணி', 'ஃபேனைக் கொறை', 'நீ சாப்புட்டியா'. முழுதாகக் கொடுத்தால் படித்துவிடுவார் என்று பயம். படிக்காமலே அவருக்குத் தெரியும் என்றும் தோன்றுகிறது. தெரிந்தால் என் முகத்தைப் பார்த்து எப்படிச் சிரிப்பார். பாதி முகம்தான் சிரிக்கிறது, ஆனாலும் சிரிக்கிறார்.

டிசம்பர் 17

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வலதுபக்கக் கழுத்திலும் கட்டி. இனிமேல் கத்தி வைக்க முடியாது. வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்.

டிசம்பர் 29

காலையில் எழிலரசி மேடம் ஃபோன் பண்ணினார். பாஸ். செய்முறையில் எண்பத்தொன்று. அவர் குரலில் சந்தோசம் இல்லை, வாழ்த்து என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் ஃபோன் வந்ததை என் வீட்டுக்காரர் கவனித்துவிட்டார். கட்டைவிரலை உயர்த்தி, என்ன என்பது போலப் பார்த்தார். தலையை ஆட்டினேன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர். மூக்குக் குழாயை மாற்ற வந்த ஆஸ்பத்திரிப் பையனிடம் என்னைக் காட்டிக் காட்டி ஏதோ சொல்ல முயன்றார், எங்கள் வீட்டுப் பிள்ளை பாஸ் என்பதாகத்தான் இருக்கும்.

பிறகு தாள் கேட்டார். பின்னாலிருந்து இன்னொரு பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தேன். யோசித்து யோசித்து எழுதி, என் கையில் வைத்து மூடினார்.

'இனி சுத்தம் பண்ணிக்கலாமா'

சத்தியம் செய்திருந்தேனே. பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். துண்டை மார்பில் விரித்தேன். ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு முடிந்த மட்டும் வாயைத் திறந்தார். சின்னக் கண்ணாடியை எடுத்து நேராக வைத்துப் பார்த்தேன், படுக்க வைத்துப் பார்த்தேன்.

உள்ளே போகவில்லை.